‘இடுப்பு வலி’ன்னா எந்த இடத்துல வலி? ஆயாவிடம் நான் இரண்டு வருஷம் கேட்காத கேள்வி

எங்கள் வீடு மூலக்கொத்தளத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. தெருவில் இருந்து எங்கள் வாசலுக்கு 54 படிகள். பிறந்ததில் இருந்து அந்தப் படிகளில் ஏறி இறங்குகிற எனக்கு இந்தக் கணக்கு போன வருஷம் வரைக்கும் தெரியாது. ஆயா சொல்லித்தான் தெரியும். வலியோடு ஏறுகிறவர்களுக்குத்தான் படிக்கட்டில் எண்கள் இருக்கும்போல.

ஆயாவுக்கு இப்போது 72 வயது. கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறும் வரைக்கும் அங்கே காய்கறிக் கூடை சுமந்தவர். மார்க்கெட் போன பிறகு தெருமுனையில் இட்லிக் கடை. முதுகிலும் தலையிலும் எத்தனை டன் ஏறியிருக்கும் என்று யாரும் எடை போட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், “இடுப்பு வலிக்குதுடா, கால்லாம் இழுக்குது” என்றார். நான் செய்த முதல் காரியம், ஆன்லைனில் ஒரு இடுப்பு பெல்ட் ஆர்டர் பண்ணியது. இரண்டாவது, வலி நிவாரணி தைலம். மூன்றாவதாகத்தான் டாக்டர்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது காரியத்தைப் பற்றியது. நம்மில் பலரும் இப்போது அந்த வயதில் இருக்கிறோம். நம் வயது 27, வீட்டில் ஒருவருக்கு 70. மொபைலில் அப்பாயின்ட்மென்ட் போடுவது நாம்தான், ஆட்டோ புக் பண்ணுவது நாம்தான், டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவதும் நாம்தான். பிரச்சினை அந்தக் கடைசி விஷயத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒரே சொல், நாலைந்து இடம்

அந்த முதல் கிளினிக்கின் பெயர் வேண்டாம். டாக்டர் கேட்டார், “என்ன பிராப்ளம்?” நான் சொன்னேன், “இடுப்பு வலி டாக்டர், கால் இழுக்குதாம்.” அவர் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்தார். “எவ்ளோ நாளா?” “ஆறு மாசமா.” “சுகர், பிபி?” “பிபி இருக்கு.” ஆயா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. முதுகுத் தண்டுவடத்துக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் நாலு நிமிஷம் ஆகியிருக்கலாம்.

ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்தது. அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை மாதிரியான தட்டு கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கிறது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. பெல்ட், மாத்திரை, குனியக் கூடாது என்ற அறிவுரை. பத்து மாசம் இப்படியே போனது. வலி குறையவே இல்லை. மாத்திரை போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் ‘இடுப்பு’ என்று சொல்வது எதை? புடவை கட்டுகிற இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கிற பக்கவாட்டு எலும்பும் இடுப்பு, பின்பக்கம் முதுகு முடிகிற இடமும் இடுப்பு. டாக்டர்கள் ‘இடுப்பு மூட்டு’ என்று சொல்கிற இடம் இவற்றில் எதுவுமே இல்லை. தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்று படித்திருப்போம். அந்த மூட்டு கெட்டுப்போனால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் வரும். அங்கிருந்து தொடை வழியாக முட்டி வரைக்கும் இறங்கும். சிலருக்கு முட்டியில் மட்டும் வலிக்கும், ஏனென்றால் இரண்டு மூட்டுக்கும் சில நரம்புகள் பொதுவானவை. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து “ஒண்ணுமில்லையே” என்று திருப்பி அனுப்பப்படுபவர்களில் இந்த ரகமும் உண்டு.

வலி பக்கவாட்டில், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது மட்டும் குத்துகிறதென்றால், மூட்டுக்கு வெளியே உள்ள தசைநாண்கள் காரணமாக இருக்கலாம். பிட்டத்தில் ஆரம்பித்து மின்சாரம் அடித்த மாதிரி கால்விரல் வரைக்கும் இறங்கினால், முதுகில் நரம்பு நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து வலித்து, எங்காவது உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிட்டால், அது தண்டுவடப் பாதை குறுகிப் போனதன் அடையாளம். எங்கள் தெருவில் ஒரு தாத்தா வெறுங்கையோடு நூறு அடி நடக்கத் திணறுவார். ஆனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்த வாக்கில் கல்மண்டபம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். “நடிக்கிறாரு” என்று வீட்டில் சொல்வார்கள். அவர் நடிக்கவில்லை. குனிந்தால் அந்தப் பாதை கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான்.

பல வருஷம் பீடி பிடித்தவர், சுகர் உள்ளவர், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, உட்காரக்கூட வேண்டாம், நின்றாலே போய்விடுகிறது என்று சொன்னால், கதையே வேறு. எலும்போ நரம்போ அல்லாமல், காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அதை ‘வாயு’ என்று தைலம் போட்டு வருஷக்கணக்கில் தேய்த்தால் கால் கறுக்கும் வரைக்கும் போய்விடும்.

நான் டாக்டர் இல்லை. மேலே சொன்னதை வைத்து வீட்டிலேயே யாருக்கும் நோய் கண்டுபிடிக்கச் சொல்லவும் இல்லை. சொல்ல வருவது இதுதான். இத்தனை வித்தியாசமான நோய்களையும் நாம் ‘இடுப்பு வலி, கால் இழுக்குது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் திணித்து டாக்டர் மேஜையில் வைக்கிறோம். அந்த வாக்கியத்தை வைக்கிறவர் வலிக்கிறவரும் இல்லை.

“உன்னாண்ட எப்டிடா சொல்றது?”

இரண்டாவதாக ஓர் அரசு மருத்துவமனையின் எலும்பியல் ஓபிக்குப் போனோம். எங்கள் பகுதியில் வயசானவர்கள் இன்னும் ஸ்டான்லியைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்த மருத்துவமனை அது. இலவசமாக எதுவும் கிடைக்கும் இடம் என்றால் கூட்டமும் இருக்கும் என்பது வடசென்னைக்காரர்களுக்குப் பரம்பரை ஞானம். அதனால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் காலையிலேயே சோறு கட்டிக்கொண்டு போவார் ஆயா. அன்றைக்கும் அப்படித்தான்.

அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர். மேற்படிப்பு படிக்கிறவர் என்று நினைக்கிறேன். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன், “இடுப்பு வலி டாக்டர், எம்ஆர்ஐல டிஸ்க்...” அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “பாட்டி, எங்க வலிக்குதுன்னு ஒத்த விரல வச்சு காட்டுங்க” என்றார்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் புரிந்துகொண்டு, “தம்பி, ரெண்டு நிமிஷம் வெளிய நில்லுங்க” என்றார்.

வெளியே நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் நடந்ததை வீட்டுக்கு வந்த பிறகு ஆயா சொன்னார். விரலைத் தொடை இடுக்கில் வைத்திருக்கிறார். டாக்டர் அவரைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, காலை மெதுவாக உள்பக்கம் திருப்பியிருக்கிறார். “அம்மா”ன்னு கத்திட்டேன் என்றார் ஆயா. பத்து மாசமாக யாரும் அந்தக் காலைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து நாலடி நடக்கச் சொல்லியிருக்கிறார். “கால் நகம் யாரு வெட்டி வுடறாங்க?” என்று கேட்டிருக்கிறார். “மருமகதான், எனக்குக் கை எட்டலை” என்று ஆயா பதில் சொல்லியிருக்கிறார். நகம் வெட்ட, செருப்பு வார் மாட்ட, உள்பாவாடைக்குள் காலை விட முடியாமல் போவது இடுப்பு மூட்டு இறுகிப்போவதன் ஆரம்ப அடையாளங்களாம். அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அம்மா ஆயாவுக்கு நகம் வெட்டுவதைப் பார்த்து, பாசம் என்று நினைத்திருந்தேன்.

இடுப்பெலும்புக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது மூட்டில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. தேய்மானம். முதல் தடவை நாங்கள் செலவு பண்ணிய எம்ஆர்ஐ காசில் இந்த மாதிரி எக்ஸ்ரே வெளியில் ஒரு டஜன் எடுத்திருக்கலாம்.

“ஏன் ஆயா இத்தினி நாளா சொல்லல?”

“கவுட்டியில வலிக்குதுன்னு உன்னாண்ட எப்டிடா சொல்றது? அந்த டாக்டராண்ட எப்டி சொல்றது? இடுப்புன்னா இடுப்புதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. கண்ணியமாக ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் அவரைத் தப்பான ஸ்கேனுக்குள் அனுப்பிவிட்டது.

எம்ஆர்ஐ பொய் சொல்லுமா?

சொல்லாது. ஆனால் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். முதுகு வலியே இல்லாத ஆட்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 60 வயதில், எந்த வலியும் இல்லாதவர்களில் 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கும். அதாவது தலை நரைப்பது மாதிரி. ஆயாவின் வயதில் யாரை அந்த மெஷினுக்குள் படுக்க வைத்தாலும் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும். கிடைத்ததுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு, காலைத் தொட்டுப் பார்த்த பரிசோதனையும் வலிக்கிறவர் சொன்ன கதையும் ஒத்துப்போக வேண்டும்.

நம் தலைமுறைக்கு ரிப்போர்ட் மேல் ஒரு மரியாதை. பிடிஎஃப் வந்தால்தான் நோய் நிஜம். அதை வாட்ஸ்அப்பில் தெரிந்த டாக்டருக்கு ஃபார்வர்டு பண்ணி, “பாத்து சொல்லுங்க சார்” என்று கேட்கிறோம். ஆளை ஃபார்வர்டு பண்ண முடியாது என்பது வசதியாக மறந்துவிடுகிறது.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. 67 நாடுகளில் அடிப்படை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றிய ஆய்வு 2017-ல் பிஎம்ஜே ஓபன் இதழில் வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிஷம். வங்கதேசத்தில் 48 விநாடி. உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் 5 நிமிஷமோ அதற்குக் குறைவோதான். நம் நாடும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கிறது. நிபுணரிடம் நிலைமை கொஞ்சம் மேலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த மூன்று நாலு நிமிஷத்தில் பேசுவது யார் என்பது அதனால்தான் முக்கியம்.

அதனால் இப்போது நான் வேறு மாதிரி போகிறேன். முந்தின நாள் ராத்திரி ஆயாவோடு உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டு எழுதுவோம். ‘வலி இருக்கு’ என்று எழுதுவதில்லை. எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுவோம். எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கு. ஆட்டோவில் எந்தக் காலை முதலில் வைக்க முடியலை. ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்புதா. பாத்ரூமில் குந்தி எழ எதைப் பிடிக்க வேண்டியிருக்கு. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போவோம். உள்ளே போனதும் ஆயாதான் பேசுவார். அவர் மறந்தால் மட்டும் நான் சீட்டைப் பார்த்து ஞாபகப்படுத்துவேன். ஒரு தடவை “வெளிய நில்லு” என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்தக் காலி அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் ஆயாவின் தலையணைக்கு அடியில் இருந்து நான் எடுத்தவற்றில் மூன்று வேறு பெயர்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே வகை வலி மருந்து. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை வயதானவர்கள் மாசக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும், பிபி ஏறும். ஆயாவுக்கு பிபி மாத்திரை டோஸைக் கூட்டியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று அந்தப் பெண் மருத்துவர் சந்தேகப்பட்டார். வலிக்கு ஒரு டாக்டர், பிபிக்கு இன்னொரு டாக்டர், நடுவில் மெடிக்கல் ஷாப். மூன்று பேருக்கும் மற்ற இருவர் என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கத்தான் முதியோர் மருத்துவம் என்ற துறையே இருக்கிறது. இந்தியாவில் அதற்கு வழி போட்டதே நம் ஊர்தான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் 54 படி இறங்கி, ஆட்டோ பிடித்து, ரயில் மாறிக் கிண்டிக்குப் போய் வருவது ஆயா மாதிரி ஒருவருக்கு முழுநாள் உழைப்பு.

விழுந்துவிட்டால்?

இது ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழ முடியவில்லை, ஒரு கால் கொஞ்சம் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறதென்றால், அது இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து முறிந்ததாக இருக்கலாம். நம் ஏரியாவில் அடுத்த கேள்வி, “புத்தூர் கட்டு எங்க போடறாங்க?” என்பதுதான். கை, கால் முறிவுக்குக் கட்டுப் போட்டு நடந்தவர்கள் இருக்கலாம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த முறிவு கட்டுக்குள் அடங்காது. பந்து மாதிரியான எலும்புத் தலைக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் முக்கியமாகப் போகிறது. முறிந்தால் அதுவும் அறுபடும். மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். பிரிட்டனின் வழிகாட்டுதல் நெறிப்படி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். “வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது” என்று வீட்டில் வைத்திருப்பதுதான் பெரும்பாலும் தாங்காமல் போகிறது.

அதேபோல, கால் வலியோடு திடீரென்று சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை, கால் மரத்துப் பலம் போகிறது என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படியை யார் பரிசோதிப்பது?

ஆயாவுக்கு டாக்டர்கள் சொன்ன நிரந்தரத் தீர்வு, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சின்ன உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம். 2007-ல் லான்செட் இதழ் இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே தலைப்பிட்டது. 2019-ல் அதே இதழில் வந்த கணக்குப்படி, பொருத்திய மூட்டுகளில் 58 சதவீதம் 25 வருஷம் கழித்தும் வேலை செய்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டு, பிரச்சினை தெரிந்து 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அதனால் எந்த மூட்டு வைத்தாலும் அதன் பெயர், எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள்.

ஆயா கேட்ட கேள்வி இவற்றில் எதிலும் இல்லை. “ஆபரேஷன் பண்ணா குந்தலாமா?” பொதுவாகக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. அதை மாற்ற இடமும் காசும் வேண்டும். டாக்டர் கேட்ட கேள்வி, “வீடு எத்தனாவது மாடி?” நான் மூன்று என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூலக்கொத்தளத்தில் இப்போது எழுந்திருக்கும் புது அடுக்குமாடிகள் வேறு உயரம், வேறு கதை. அவற்றில் லிஃப்ட் உண்டு. நான் பேசுவது அதற்கு முந்தைய தலைமுறைக் கட்டடங்களைப் பற்றி. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய பிறகு வடசென்னை முழுக்க எழுந்த தரைத்தளமும் மூன்று மாடியுமான பிளாக்குகள். குடிசையில் இருந்தவர்களுக்கு கான்கிரீட் கூரை கிடைத்தது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆயாவுக்கு வீடு ஒதுக்கியபோது அவருக்கு முப்பது வயது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுவாராம். வீடு ஒதுக்கும் நாளில் மாற்றுத்திறனாளிகள், முதியவர்களுக்குத் தரைத்தளம் என்று பார்க்கிறார்கள், சரி. ஒதுக்கி 40 வருஷம் கழித்து அதே ஆள் முதியவராகிறாரே, அன்றைக்கு யார் பார்ப்பது? 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்று பெயர் வைத்தால், அதில் வாழ்கிறவர்களுக்கு வயதாகும் என்ற கணக்கும் இருக்க வேண்டும். மேல் மாடி முதியவரும் தரைத்தளத்து இளம் குடும்பமும் சம்மதித்தால் வீடு மாற்றிக்கொள்ள, அலைச்சல் இல்லாமல் ஒரு முறை வேண்டும். பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் வரைக்குமாவது, இருபக்கமும் உறுதியான கைப்பிடி, எரிகிற விளக்கு. இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 கணிப்புப்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து தரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் இருந்தது. அதைக் கேட்டு வாங்கும் வீடுகள் எத்தனை? என் வீட்டில் ஆயாவுக்கு மாத்திரை வாங்கத்தான் தெரிந்திருந்தது, பயிற்சி கேட்கத் தெரியவில்லை.

இப்போதைக்கு ஆயா ஆபரேஷனுக்கு ‘ஆகட்டும் பாக்கலாம்’ என்றிருக்கிறார். முடிவு அவருடையது, நான் தொல்லை பண்ணுவதை நிறுத்திவிட்டேன். தொடைத் தசைக்கு தினமும் பயிற்சி செய்கிறார். கையில் ஒரு ஊன்றுகோல். அதை முதலில் வலிக்கிற வலது பக்கமே பிடித்திருந்தார், எல்லோரும் செய்கிற தப்பு. எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் வலிக்கிற மூட்டில் பாரம் குறையும். படிக்கும் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

எட்டு மாசம் ஆஸ்பத்திரிக்குத் தவிர கீழே இறங்காதவர், போன ஞாயிற்றுக்கிழமை இறங்கினார். நான் பக்கத்திலேயே போனேன், கையைப் பிடிக்க விடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, வழியில் இரண்டு வீட்டில் நலம் விசாரித்து, இறங்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. கீழே, பழைய இட்லிக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை. அந்தப் பையன் உள்ளே இருந்து பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டான். அது ரொம்பத் தாழ்வாக இருந்தது. “இதுல உக்காந்தா எழ முடியாதுடா, ஒசரமா ஒண்ணு கொண்டா” என்றார் ஆயா.